விதையைப் பற்றிப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை

அலாஸ்காவில் எந்தெந்தச் செடிகளைத் தின்னலாம் என்று டெனைனா பழங்குடி மக்களிடம் கேட்டு எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் 24 வயது இளைஞர் ஒருவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். ஒரு நாளைக்கு ஒரு வரி, சில நாள் ஒரே சொல். 1992 ஜூலை 30 அன்று எழுதியது கொஞ்சம் நீளம்: “ரொம்பப் பலவீனம். கிழங்குச் செடி விதையின் கோளாறு. எழுந்து நிற்பதே பெரும்பாடு. பட்டினி. பெரிய ஆபத்து.” மூன்று வாரம் கழிவதற்குள் அவர் இறந்துபோனார்.

கிறிஸ் மெக்கேண்ட்லெஸ் என்ற அந்தப் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரை ஞானியாகக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், அசட்டுப் பையன் என்று திட்டித் தீர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் அக்கறை இல்லை. அவர் என்ன தின்றார், எதை வைத்து அதைத் தின்னலாம் என்று முடிவு செய்தார் என்பது மட்டும்தான் இங்கே விஷயம். காட்டு உணவு தேடக் கற்றுக்கொள்கிற எவருக்கும் இவ்வளவு தேதிகளோடும் படங்களோடும் ஆய்வகச் சோதனைகளோடும் இன்னொரு நிகழ்வு கிடைப்பது அரிது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992 ஏப்ரல் 28 அன்று, டெனாலி தேசியப் பூங்காவுக்கு வடக்கே உள்ள ஸ்டாம்பீட் பாதையில் அவர் நடக்கத் தொடங்கினார். கையில் 4.5 கிலோ அரிசி, 0.22 துப்பாக்கி, சில புத்தகங்கள். காரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்ட எலக்ட்ரீசியனுக்கே மனசு கேட்காமல், தன் ரப்பர் பூட்ஸையும் மதியச் சாப்பாட்டையும் கொடுத்து அனுப்பினார். காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த ஃபேர்பேங்க்ஸ் நகரப் பேருந்து ஒன்று, எண் 142, அவருக்கு வீடானது. அணில், முள்ளம்பன்றி, வாத்து என்று சுட்டுத் தின்றார். ஜூலை தொடக்கத்தில் ஊர் திரும்பக் கிளம்பியவரை டெக்லானிகா ஆறு மறித்தது. ஏப்ரலில் சுலபமாகக் கடந்த அதே ஆறு, கோடையில் பனி உருகி ஆளை அடித்துக்கொண்டு போகிற வெள்ளமாக ஓடியது. மறுபடி பேருந்துக்கே திரும்பினார். செப்டம்பர் 6 அன்று வேட்டைக்கு வந்தவர்கள் உடலைக் கண்டார்கள். எடை 30 கிலோ. சான்றிதழில் சாவுக்குக் காரணம் பட்டினி.

இனி அந்தச் செடி.

ஹெடிசாரம் ஆல்பினம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஊதா கலந்த சிறு பூக்கள், கேரட் போல் நீண்ட வேர். அலாஸ்காவில் இதைக் காட்டு உருளைக்கிழங்கு என்பார்கள். டெனைனா மக்களுக்கு இது பழைய சோறு மாதிரி பழகின உணவு. பச்சையாகவும் தின்பார்கள், வேகவைத்தும் வறுத்தும் தின்பார்கள், கொழுப்பில் தோய்த்தும் தின்பார்கள். பருவம் முக்கியம்: வசந்தத்தின் தொடக்கத்தில் தோண்டலாம், இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் தோண்டலாம். நடுக்கோடையில் செடி தன் சத்தையெல்லாம் மேலே அனுப்பிவிடுவதால் வேர் நார் பாய்ந்து, கடிக்க முடியாமல் போகும்.

மெக்கேண்ட்லெஸ் ஜூன் 24 முதல் இந்த வேரைத் தோண்டித் தின்றிருக்கிறார். அதில் ஒரு கோளாறும் இல்லை. ஜூலை நடுவில் வேர் முற்றிவிட்டது. செடியின் மேலே காய்கள் விளைந்து நின்றன. ஜூலை 14 முதல் விதைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவரே எடுத்த ஒரு படத்தில், பெரிய பிளாஸ்டிக் பை நிறைய அந்த விதைகள் இருக்கின்றன. ரசனைக்காகக் கொறித்த அளவு இல்லை, வயிற்றை நிரப்புகிற அளவு. பதினாறு நாள் கழித்து அந்த ஜூலை 30 குறிப்பு.

இதைச் செய்யலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. புத்தகத்தில் வேரைப் பற்றி நிறைய இருந்தது, விதையைப் பற்றி ஒன்றுமில்லை. தின்னாதே என்றும் இல்லை, தின்னலாம் என்றும் இல்லை. அந்த மௌனத்தை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார். நான் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு இந்த ஒரு இடம்தான் காரணம். பழங்குடி மக்கள் ஒரு செடியின் வேரைப் பற்றி அத்தனை விவரமும் சொல்லிவிட்டு, கைக்கெட்டும் உயரத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிற விதையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றால், அந்தப் பேசாமையும் ஒரு தகவல்தான். பசிக்கிற மக்கள், நீண்ட பனிக்காலம் உள்ள மண், எத்தனையோ தலைமுறை. விதை நல்ல உணவாக இருந்திருந்தால் அதற்கு ஒரு சமையல் முறையாவது மிஞ்சியிருக்காதா?

எனக்கு வரப்புக் கீரை பறிக்கக் கற்றுத்தந்தது என் சித்தி. பெயர் சொன்னால் அவருக்குப் போதாது. “தொய்யக்கீரை” என்று பெருமையாக ஒரு கொத்தைக் காட்டினால், “சரி, எப்படி ஆக்குவ?” என்பார். பருப்போடு கடைவதா, வதக்குவதா, கொழுந்து மட்டுமா, தண்டோடா, பூ விட்டபின் பறிக்கலாமா? பதில் தெரியவில்லை என்றால் கொத்து வரப்பிலேயே விழும். “சமைக்கத் தெரியாதது உனக்குக் கீரை இல்ல, புல்லு.” அப்போது எரிச்சலாக இருக்கும். அவர் கேட்டது தாவரவியல் கேள்வி இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

மெக்கேண்ட்லெஸ் இறந்த விதம் பற்றிய விவாதம் இருபது ஆண்டுக்கு மேல் ஓடியது. அதுவே தனிக் கதை. எழுத்தாளர் ஜான் கிராக்கவுர் 1993 ஜனவரியில் ஒரு பத்திரிகையில் எழுதியபோது, இது ஆள் மாறாட்டம் என்றார்: காட்டு உருளைக்குப் பக்கத்திலேயே வளரும் ஹெடிசாரம் மெக்கென்சியை, அதாவது காட்டு இனிப்புப் பட்டாணியை, தவறாகத் தின்றுவிட்டார் என்பது அவர் கருத்து. இரண்டும் அக்கா தங்கை மாதிரி. பிரித்தறிய இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். காட்டு உருளையின் சிற்றிலைக்கு அடியில் பக்க நரம்புகள் தெளிவாகப் புடைத்துத் தெரியும். மற்றதில் தெரியாது. அதன் பூவும் கொஞ்சம் பெரிது, நிறமும் அடர்த்தி. நம்பத்தகுந்த விளக்கம்தான். காட்டு உணவு விபத்து என்றாலே நமக்கு முதலில் தோன்றுவதும் இதுதானே, ஒன்றை இன்னொன்றாக நினைத்து விட்டார்.

பிறகு அவரே இதைக் கைவிட்டார். மூன்று வாரமாகச் சரியான செடியின் வேரைத் தோண்டித் தின்றுவந்த ஆள் திடீரென்று ஏன் குழம்ப வேண்டும்? குறிப்பிலும் ‘விதை’ என்றுதான் இருக்கிறது. 1996இல் புத்தகமாக வந்தபோது, அதே சரியான செடியின் விதையில் ஒரு நச்சு ஆல்கலாய்டு இருக்கலாம் என்று எழுதினார். அலாஸ்கா பல்கலைக்கழக வேதியியலாளர் தாமஸ் கிளாசன் சோதித்துப் பார்த்தார். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. விஷச்செடி என்று நூற்றாண்டுக்கு மேலாகப் பெயர் வாங்கியிருந்த அந்தக் காட்டு இனிப்புப் பட்டாணியையும் கிளாசனும் அவருடன் வேலை செய்தவரும் பின்னர் ஆராய்ந்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், அதை விஷம் என்று சொல்ல வேதியியல் ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. கைநூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்த எச்சரிக்கை அது.

விதை ஈரப் பையில் கிடந்து பூசணம் பிடித்திருக்கும் என்று அடுத்து ஒரு யூகம். அதற்கும் நிரூபணம் இல்லை.

2013இல் ரொனால்ட் ஹாமில்டன் என்பவர் எழுதிய கட்டுரை விவாதத்தை வேறு பக்கம் திருப்பியது. பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிற வேலை பார்த்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில், ருமேனியர்கள் நடத்திய வாப்னியார்கா முகாமில் யூதக் கைதிகளுக்கு மாட்டுத் தீவனப் பட்டாணி கலந்த உணவு கொடுக்கப்பட்டது. பலருக்குக் கால்கள் விளங்காமல் போயின. அந்தப் பட்டாணி நமக்குத் தெரிந்ததுதான், கேசரிப் பருப்பு. துவரம்பருப்பில் கலப்படம் செய்வார்களே, அதே. பஞ்ச காலத்தில் அதை மட்டுமே தின்றவர்களுக்குக் கால் முடங்கும் நோய் வரும் என்பது வட இந்தியாவில் பழைய செய்தி. 1961இல் அதன் விற்பனைக்குத் தடையும் வந்தது. அதில் உள்ள ஓடிஏபி என்ற நச்சே காட்டு உருளை விதையிலும் இருக்கலாம், ‘எழுந்து நிற்பதே பெரும்பாடு’ என்ற வரி அதைத்தான் சொல்கிறது என்பது ஹாமில்டனின் வாதம்.

கிராக்கவுர் விதைகளை மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். ஆய்வகத்தை நடத்தியவர் பெல்காமில் வளர்ந்த ஸ்ரீ தானேதார், பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானவர். முதல் சோதனையில் ஓடிஏபி 0.394 சதவீதம் என்று வந்தது. பெரிய செய்தியானது. வேதியியலாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தச் சோதனை முறை மட்டும் போதாது, மூலக்கூறின் எடையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார்கள். ஓடிஏபி இல்லை. அதே இடத்தில் அதைப் போலவே தோன்றிய இன்னொன்று இருந்தது: எல்-கனவனின், விதை எடையில் 1.2 சதவீதம். 2015இல் ஒரு மருத்துவ இதழில் இது வெளியானது. செடியைத்தான் ஆள் மாறாட்டம் செய்தார் என்று ஆரம்பித்த தேடலில், கடைசியில் ஆள் மாறாட்டம் நடந்தது ஆய்வகத்தில். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டினால் இயந்திரமும் ஏமாறும்.

கனவனின் என்ற பெயர் கனவாலியா என்ற அவரைப் பேரினத்திலிருந்து வந்தது. நம் வாளவரை, தம்பட்டங்காய் என்கிறோமே, அந்தப் பேரினம். அதன் பெயருக்கு மூலம் மலபார் கரையில் வழங்கிய பெயர் என்பார்கள். அலாஸ்காவின் பேருந்துக்குள் ஒருவரை வீழ்த்தியதாகச் சந்தேகிக்கப்படும் பொருளின் பெயருக்குள் நம் பக்கத்துக் கொடி ஒன்று சுருண்டு கிடக்கிறது.

அது உடலில் செய்கிற வேலை நூதனமானது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உடலுக்குப் புரதம் கட்டத் தேவையான செங்கல். கனவனின் பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். உடல் ஏமாந்து அதை எடுத்துக் கட்டிவிடும், கட்டியது கோணலாக நிற்கும். நன்றாகச் சாப்பிடுகிற ஆளிடம் நல்ல செங்கல் நிறைய இருப்பதால் ஒன்றிரண்டு போலி கலந்தாலும் பாதகமில்லை. குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் முளையிலும் கனவனின் உண்டு. வெளிநாட்டில் அதை சாண்ட்விச்சில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அதே முளையையும் விதையையும் மாதக்கணக்கில் நிறையத் தின்னக் கொடுத்தபோது ஆய்வகக் குரங்குகளுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கும் ஒருவர், வேறு சரியான உணவு இல்லாமல், பை பையாக அதையே தின்றால்?

இதுதான் அவரைக் கொன்றது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. 113 நாள், பெரும்பாலும் கொழுப்பே இல்லாத சின்னப் பிராணிகளின் இறைச்சியும் கொஞ்சம் வேரும் பழமும் தின்று ஓடியாடிய உடல் அது. பட்டினி ஒன்றே போதும் என்று சொல்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பட்டினி முக்கால்வாசி வேலையை முடித்திருந்தது, விதை மிச்சத்தைத் தள்ளிவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆல்கலாய்டோ, பூசணமோ, ஓடிஏபியோ, கனவனினோ, எது சரியாக இருந்தாலும் அவர் செய்த காரியம் மாறவில்லை. செடியைச் சரியாகக் கண்டுபிடித்தார். அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை, கேட்க ஆளும் இல்லை.

செடியின் பெயர் தெரிந்தால் உணவு தெரிந்துவிட்டது என்ற நினைப்பு நமக்கும் உண்டு. நாம் தினமும் தின்கிற உருளைக்கிழங்குச் செடியில் பச்சை நிறத்தில் சின்னக் காய் காய்க்கும், தக்காளிப் பிஞ்சு போல. அது விஷம். குன்றிமணிக் கொடியின் இலை இனிக்கும், வாயில் போட்டு மெல்வார்கள். அதன் சிவப்பு விதையை நன்றாக மென்று விழுங்கினால் ஆளையே கொல்லும். கருணைக்கிழங்கைப் புளி சேர்க்காமல் ஆக்கிய வீட்டில் நாக்கு அரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசம் மலைப் பக்கம் உள்ள காணிக்காரர்கள் பூனைக்காலி விதையைத் தின்பார்கள். ஆனால் எப்படி? பல தடவை வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு. ‘பூனைக்காலி விதை தின்னத்தக்கது’ என்று யாராவது ஒரு வரியில் எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் கொட்டிய அந்தத் தண்ணீர் அந்த வரியில் இல்லை.

இதே கோளாறு அவருடைய இறைச்சி விஷயத்திலும் நடந்திருக்கிறது. இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு இது விதையை விட முக்கியமாகப் படுகிறது. ஜூன் 9 அன்று அவர் ஒரு மூஸ் கடமானைச் சுட்டார். பல மாதத்துக்கு வேண்டிய இறைச்சி. தெற்கு டகோட்டாவில் வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி புகை போட்டுப் பதப்படுத்த முயன்றார். ஈ மொய்த்தது, புழு வைத்தது. ஜூன் 14 அன்று, “புழு வந்துவிட்டது. புகை போட்டும் பயனில்லை” என்றும், அந்த மிருகத்தைச் சுடாமலே இருந்திருக்கலாம் என்றும் எழுதினார். அலாஸ்காவில் விஷயம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. மெல்லிய நாடா நாடாவாகச் சீவி, காற்றில் காயப் போடுவார்கள். உப்புக்கண்டம் போட்டுப் பழகின கைக்கு இது உடனே புரியும்: கனமான துண்டு உள்ளே காய்வதற்குள் கெட்டுவிடும், மெல்லிய துண்டு கெடுவதற்குள் காய்ந்துவிடும். அவரிடம் இருந்த அறிவு பொய்யில்லை. அது வேறு ஊருக்கு, வேறு காற்றுக்கு உரியது. அந்தக் கறி நின்றிருந்தால் ஜூலையில் விதைப் பையைத் தூக்கியிருக்கவே மாட்டார்.

ஆறும் அப்படித்தான். ஏப்ரல் ஆற்றை வைத்து ஜூலை ஆற்றை எடைபோட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து சற்றுத் தூரத்திலேயே, நீர் அளக்கிறவர்கள் கம்பி கட்டித் தொங்கவிட்ட கூடை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து அக்கரைக்குப் போயிருக்கலாம். அதைக் காட்டும் வரைபடம் அவரிடம் இல்லை.

இதைப் படித்தபின் என் பழக்கத்தில் என்ன மாறியது என்று கேட்டால், கொஞ்சம்தான். புதிய கீரை ஒன்றை ஒருவர் காட்டினால், அவர் வீட்டில் ஆக்கித் தின்றதை என் கண்ணால் பார்க்கும்வரை நான் பறிப்பதில்லை. எந்தப் பாகம், எந்த மாதம், எத்தனை கொதி, தண்ணீரை என்ன செய்வது, நாள் முழுக்க அதையே தின்பார்களா இல்லை தொட்டுக்கொள்ள மட்டுமா, பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களா என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்கு ஒரு கணம் தயங்கினாலும் விட்டுவிடுவேன். முதல் தடவை ஒரு கைப்பிடிக்கு மேல் சமைப்பதில்லை. மறுநாள் முழுக்க அந்தப் பக்கமே போவதில்லை. செல்போனில் படம் பிடித்தால் செடியின் பெயர் சொல்லும் செயலிகளை வைத்திருக்கிறேன். பூ ரசிக்க நன்றாக இருக்கிறது. சித்தியின் கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை. பசியோடு காட்டுக்குப் போவதும் இல்லை. வயிறு காலியாக இருக்கும்போது எல்லாச் செடியும் கீரையாகத்தான் தெரியும்.

பேருந்து 142ஐ 2020 ஜூன் 18 அன்று ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அதைப் பார்க்கப் போனவர்களில் இரண்டு பேர் அதே ஆற்றில் வெவ்வேறு ஆண்டுகளில் மூழ்கி இறந்திருந்தார்கள். பிறகு அது ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்புக்குப் போனது.

புத்தகத்தின் பின்பக்க நாட்குறிப்பில் ஆகஸ்ட் 5 அன்று நூறாவது நாள் என்று குறித்து, நடந்து வெளியேறக்கூட வலுவில்லை என்று எழுதியிருக்கிறார். சொற்களால் எழுதிய கடைசிப் பதிவு 107ஆம் நாள், ஆகஸ்ட் 12. அதற்குப் பிறகு 113ஆம் நாள் வரை நாளின் எண்ணும் ஒரு கோடும் மட்டும்தான். அந்த 107ஆம் நாளில் எழுதியது, பேருந்தைச் சுற்றிப் பழுத்துக் கிடந்த, எந்தப் பாகம் எந்த மாதம் என்று யாரையும் கேட்க வேண்டியிராத ஒன்றைப் பற்றி: “அழகான நீலப் பழங்கள்.”